தண்டுவடக் காயமும் மருந்தின் நான்காம் கூறும்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளைப் பாடம் நடத்தும்போது ஓரிடத்தில் நாம் அவசரப்படுவது வழக்கம். பிணியுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர் என்போம். முதல் மூன்றையும் விரித்துரைப்போம். நான்காவதற்கு, ‘அருகிருந்து பணிவிடை செய்பவர்’ என ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்குள் குடிமை அதிகாரத்துக்குள் நுழைந்துவிடுவோம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நடத்தி வந்திருக்கிறோம்.

நம்மிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர், விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை முடிந்து வீடு திரும்பி ஐந்து மாதங்கள் ஆகியும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. ஒருநாள் அவருடைய தாயார் கல்லூரிக்கு வந்தார். கையில் ஒரு செய்தித்தாள் நறுக்கும், ஏதோவொரு மருத்துவ நிலையத்தின் வண்ண விளம்பரத் தாளும் இருந்தன. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்றது விளம்பரம். கட்டணம் பல இலட்சம். “சார், நீங்க படிச்சவங்க. வெளிநாட்டுல ஒருத்தர் எழுந்து நடந்துட்டார்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. இது நெசந்தானா? நெசம்னா இருக்கிற ஒண்ணரை ஏக்கரையும் குடுத்துடலாம்னு இருக்கேன்” என்றார்.

நாம் மருத்துவர் அல்லர். ‘எனக்குத் தெரியாதம்மா’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நிலம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினோம். பதில் சொன்ன பின்னும் படிப்பு நிற்கவில்லை. மருத்துவர்களிடம் பேசியும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றுள் முக்கியமானவற்றை இங்கே வைக்கிறோம்.

முதலில் சொல்லாராய்ச்சி (தொழில் புத்தி, வாசகர்கள் பொறுத்தருள்க!). தண்டுவடம் என்பது அழகான சொல். தண்டு, வடம் இரண்டும் நமக்குத் தெரிந்தவை. தேர்வடம் அறுந்தால் முடிச்சுப் போட்டு இழுத்துவிடலாம். அந்தச் சொல்லே ‘அறுந்ததைச் சேர்த்துக் கட்டினால் சரியாகிவிடாதா?’ என்ற எதிர்பார்ப்பை நம்முள் விதைத்துவிடுகிறது. உண்மையில் அது கயிறே அன்று. சுண்டுவிரல் தடிமனும் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் கொண்ட, மூளையைப் போன்றே மென்மையான திசு. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. பெரும்பாலான விபத்துகளில் அது அறுவதுமில்லை. நொறுங்கிய எலும்பால் நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் இரத்தக் கசிவும் வீக்கமும் தொடர்ந்து, முதல் நாளில் பிழைத்திருந்த நரம்பணுக்களும் அடுத்த சில நாட்களில் மடிகின்றன. கழுத்தில் அடிபட்டால் கைகால் நான்கும், மார்புக்குக் கீழே என்றால் கால்களும் செயலிழக்கின்றன. சிறுநீர், மலம், வியர்வை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் குலைகிறது. நடக்க முடியாமை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். உயிரைக் கொண்டுபோவன கண்ணுக்குத் தெரியாத மற்றவை.

இந்தக் காயத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியொன்று. 1862இல் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்பவர் வாங்கியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட அப்படி, அதனினும் பழைய நூலொன்றின் நகல் என்பது அறிஞர் துணிபு. 48 நோயாளிகளைத் தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக விவரிக்கும் அந்நூலில், கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்விழந்து சிறுநீர் தானே ஒழுகும் ஒருவனைக் காண்கிறோம். தலைகீழாக விழுந்ததால் ஒரு கழுத்தெலும்பு மற்றொன்றினுள் அழுந்தியவனும் உண்டு. அந்த மருத்துவர் நோய்களை மூன்றாகப் பிரிக்கிறார்: மருத்துவம் செய்யத்தக்கவை, போராடிப் பார்க்கத்தக்கவை, மருத்துவம் செய்யத்தகாதவை. இவ்விருவரும் மூன்றாம் வகை. 1930இல் பிரெஸ்டட் இதை மொழிபெயர்த்து வெளியிட்டபோது, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தீர்ப்பைத் திருத்த வேண்டிய தேவை மருத்துவ உலகுக்குப் பெரிதாக எழவில்லை என்பதே வியப்பு.

1805இல் டிராஃபால்கர் கடற்போரில் நெல்சனின் தோளில் பாய்ந்த குண்டு முதுகெலும்பில் போய்த் தங்கியது. மார்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போனதை மருத்துவருக்கு முன்னே அவரே சொல்லிவிட்டார். அவருக்கு இனித் தாம் எதுவும் செய்வதற்கில்லை என்பதை மருத்துவரும் ஒப்புக்கொண்டார். சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. முதல் உலகப்போரில் தண்டுவடம் காயமுற்ற வீரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சில வாரங்களிலேயே இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இவர்களுள் மிகப் பலரைக் கொன்றது தண்டுவடக் காயம் அன்று என்பதுதான் இவ்வரலாற்றின் திருப்புமுனை. கொன்றவை இரண்டு: படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று.

நாம் உறங்கும்போதுகூட நம்மை அறியாமல் புரண்டு படுக்கிறோம். உணர்ச்சியற்ற உடல் புரள்வதில்லை. இடுப்பெலும்பும் குதிகாலும் படுக்கையில் அழுந்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, தோலும் தசையும் அழுகி, எலும்புவரை குழி விழுகிறது. சிறுநீர்ப்பையோ நிரம்பியதை அறிவிக்க வழியின்றி விரிந்துகொண்டே போகும். தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சிறுநீரகத்துக்கு ஏறும். இரண்டில் எது முந்தினாலும் முடிவு குருதி நஞ்சாதல்தான்.

1917இல் மேல் சைலீசியாவில் சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனையொன்றில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் தொண்டராகப் பணியாற்றினார். முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இளைஞர் குறிப்பெழுத அமர்ந்தபோது, எழுதி வீணாக்காதே, சில வாரங்களில் இறந்துவிடுவான் என்று சொல்லப்பட்டது. அவ்வாறே ஐந்து வாரங்களில் அம்மனிதர் இறந்தார். அந்த இளைஞர்தான் பின்னாளில் இத்துறையின் தந்தை எனப் போற்றப்பட்ட லுட்விக் குட்மன். பிரெஸ்லாவில் நரம்பியல் வல்லுநராக உயர்ந்தவர், யூதர் என்பதால் பொது மருத்துவமனைப் பதவியை இழந்து யூத மருத்துவமனைக்குத் தள்ளப்பட்டார். 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்ட இரவில், வாசலுக்கு வரும் எவரையும் நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆணையிட்டார். மறுநாள் வந்த கெஸ்டபோவிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் கற்பித்துச் சொல்லி 64 பேரில் 60 பேரைக் காப்பாற்றினார். 1939 மார்ச்சில் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். மூன்றாம் வகை என்று ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை அவர் நோயாளிகளிடமிருந்து மட்டும் கற்கவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

நார்மண்டிப் படையெடுப்பில் காயமடைவோரை எதிர்பார்த்துப் பிரிட்டிஷ் அரசு எய்ல்ஸ்பரிக்கு அருகில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு தண்டுவடப் பிரிவைத் தொடங்கியது. 1944 பிப்ரவரி முதல் நாள் குட்மன் அதன் பொறுப்பேற்றார். அவர் கொண்டுவந்தது புது மருந்தோ புதுக் கருவியோ அன்று. முதல் வேலையாக, நோயாளிகளைச் சிறைப்படுத்தியிருந்த பாரிஸ் சாந்துக் கட்டுகளை அகற்றினார். அடுத்து ஓர் ஆணை: இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவ்வளவுதான்! அதற்கென்றே பணியாளர் குழு அமைத்து, நள்ளிரவில் தாமே வந்து சோதித்தார். அவருடைய கெடுபிடியைப் பலர் வெறுத்ததுண்டு. ஆனால் புண்கள் ஆறின. பெனிசிலின் அப்போதுதான் கிடைக்கத் தொடங்கியிருந்ததும் கைகொடுத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டொனால்ட் மன்ரோ 1936லேயே இத்தகைய பிரிவொன்றைத் தொடங்கியிருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முன்னோடிகளை மறந்துவிட்டு ஒருவருக்கே மாலையிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

பிழைத்தவர்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அதுவரை எவரும் அதைக் கேட்க நேர்ந்ததில்லை! குட்மன் மரவேலையும் கடிகாரம் பழுதுபார்த்தலும் கற்பித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஆடவைத்தார். 1948 சூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக்கின் வித்து அது. 1965 போரில் முதுகெலும்பில் குண்டு பாய்ந்த இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் நம் நாட்டின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றது அந்த வித்தின் ஒரு கிளை.

இன்னொரு கிளை வேலூர்வரை நீண்டது. ஸ்டோக் மாண்டவிலைப் பின்பற்றி 1954இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஜார்ஜ் பெட்ப்ரூக் ஒரு தண்டுவடப் பிரிவை அமைத்தார். அதே 1954 சனவரியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி, அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, பால் பிராண்ட் வழிகாட்டலில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைகளைச் செய்யக் கற்றார். பெர்த்தில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் அத்துறையையே படித்தார். திரும்பிவந்து 1963இல் வேலூர்க் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளியே மருத்துவராகவும் இருந்ததால், வள்ளுவரின் முதலிரு கூறுகளும் ஓருடலில் சேர்ந்த அரிய நிகழ்வு இது எனலாம்.

தெற்கே, இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியின் கதை வேறு வகை. 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வுக்காகப் பெங்களூரு சென்ற பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், உடல்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் அவர் தம் ஊரிலேயே நிறுவிய அமர் சேவா சங்கம், அவருக்கு மருத்துவம் பார்த்த படைமருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத் தாங்கியது. நம் நாட்டில் இக்காயத்துக்குச் சாலை விபத்தோடு மரத்திலிருந்தும் மாடியிலிருந்தும் விழுவதும் பெருங்காரணம். அதனால் சிற்றூரில் இத்தகைய நிலையம் இருப்பது பெருநகரத்தில் இருப்பதினும் பொருளுடையது.

சிறுநீர்ப்பைக்கு வருவோம். இதைப் பொதுவில் பேசக் கூச்சப்படுகிறோம்; கூச்சத்துக்குக் கொடுத்த உயிர்கள் பல. கழுத்திலோ மேல் மார்பிலோ காயம்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினால் இரத்த அழுத்தம் திடீரென உயர்வதை 1947இல் குட்மனும் விட்டரிட்ஜும் ஆராய்ந்து எழுதினர். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை அறிகுறிகள். அடைபட்ட குழாயோ மலச்சிக்கலோ இறுக்கிய ஆடையோகூட இதைத் தூண்டும். உடனே நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்த்து, விரைந்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். காலந்தாழ்ந்தால் மூளையில் இரத்தக் கசிவு நேரலாம். வீட்டிலிருப்பவர் இதை அறிந்திருப்பது இன்றியமையாதது. பொது மருத்துவர் எல்லோரும் இதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

சிறுநீரை நாளுக்குச் சில முறை குழாய் செருகி வடிக்கும் முறையை 1960களில் குட்மன் வளர்த்தெடுத்தபோது, அறுவைக்கூடத்துக்குரிய கிருமிநீக்கம் வேண்டும் என்றார். அது மருத்துவமனையில் இயலும், வீட்டில் எப்படி? 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லேப்பிடிஸ் என்னும் சிறுநீரகவியலர், கையையும் குழாயையும் நன்கு கழுவினாலே போதும் என்று எழுதினார். தொற்றுக்கு முதற்காரணம் உள்ளே போகும் ஓரிரு கிருமிகள் அல்ல, விரிந்து இரத்த ஓட்டம் குன்றிய சிறுநீர்ப்பையே. ஆகவே தூய்மையைவிட நேரம் தவறாமை முக்கியம் என்பது அவர் வாதம். துறையினர் பலர் முதலில் ஏற்கவில்லை. பின்னர் உலகெங்கும் அதுவே நடைமுறையாயிற்று. சோப்பும் நீரும் கடிகாரமும்! சிறுநீரகம் பழுதாகி இறப்போர் தொகை குறைந்ததில் இந்த எளிய முறைக்குப் பெரும்பங்கு உண்டு. நோபல் பரிசு எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை.

இனி அந்தத் தாயார் கேட்ட கேள்வி. அறுந்த வடம் வளருமா?

இசுபானிய அறிஞர் ரமோன் இ கஹால் நரம்பணுவின் வடிவைக் கண்டு சொன்னவர். 1906இல் நோபல் பரிசு பெற்றவர். 1913–14இல் வெளியான தம் நூலில், முதிர்ந்த மூளையிலும் தண்டுவடத்திலும் அழிந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்வதில்லை என்று கடுந்தீர்ப்பு எழுதினார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவர். அதே மூச்சில், இத்தீர்ப்பை இயன்றால் மாற்றுவது வருங்கால அறிவியலின் கடமை என்றும் அவர் எழுதியதைப் பலர் விட்டுவிடுவர். அவருடைய மாணவர் டெல்லோ, கால் நரம்பின் துண்டை மூளையில் பதித்தபோது இழைகள் அதனுள் வளரக் கண்டார். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1981இல், மான்ட்ரியலில் டேவிடும் அகுவாயோவும் எலியின் தண்டுவடத்தில் கால் நரம்பைப் பாலமாக வைத்து இழைகள் அதனுள் நெடுந்தூரம் வளர்வதை ஐயமறக் காட்டினர். ஆக, நரம்பணுவுக்கு வளரும் திறன் உண்டு, சுற்றுச்சூழல்தான் தடுக்கிறது. அந்தத் தடைப்பொருள்களுள் ஒன்றைச் சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் 1988இல் கண்டார். அதை முடக்கும் மருந்தை மனிதரிடம் சோதித்த முடிவு 2024 இறுதியில் வெளியானது. ஒட்டுமொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. பகுதிக் காயம் உற்றவர்களிடம் சிறிது நம்பிக்கை தென்பட்டது. 36 ஆண்டுகள்! ஆராய்ச்சியின் நடை அத்தகையது.

விரைந்து நம்பியதன் விளைவுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டை மிகுந்த அளவில் செலுத்தினால் பயனுண்டு என்று 1990இல் அமெரிக்க ஆய்வொன்று அறிவித்தது. உலகெங்கும் அது வழக்கமாயிற்று. பின்னர் கணக்கைத் துருவியபோது, நோயாளிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பார்த்ததில்தான் அந்தப் பயன் தோன்றியது என்பதும், தொற்று முதலிய தீங்குகள் மிகுந்ததும் தெரியவந்தன. 2013இல் அமெரிக்க நரம்பறுவை வல்லுநர்கள் அதைப் பரிந்துரைக்கலாகாது என்றனர். மாறாக, நசுங்கிய தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் அறுவை மூலம் நீக்குவது நல்லது என்பதற்கு 2012க்குப் பின் சான்றுகள் வலுத்துள்ளன.

தாயார் கொண்டுவந்த செய்தித்தாள் நறுக்கு பொய்யன்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு டச்சுக்காரருக்கு மூளையின் மேலும் தண்டுவடத்தின் மேலும் மின்கருவிகளைப் பதித்து, எண்ணத்தை மின்துடிப்பாக்கிக் காலுக்கு அனுப்பினார்கள். 2023 மே மாதம் அதன் விவரம் வெளியானது. அவர் ஊன்றுகோலுடன் நடக்கிறார். ஆனால் அவருடையது பகுதிக் காயம், பயிற்சியோ பல்லாண்டு. தோலின் மேலிருந்தே மின்சாரம் செலுத்திக் கைவிரல் வலுவைக் கூட்டும் கருவியொன்றுக்கு 2024 திசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 60 பேர். பத்துக்கு ஏழு பேரிடம் முன்னேற்றம். கழுத்தில் அடிபட்டவருக்குப் பேனா பிடிக்கும் விரல் என்பது சிறிய பேறு அன்று. எனினும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அவ்வாய்வில் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

விளம்பரத் தாள் வேறு சாதி. நறுக்கில் இருந்தது மின்சாரம். தாளில் இருந்தது ஸ்டெம் செல். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்றின் உண்மை மற்றொன்றின் மேல் படியும் என்பதை அச்சிட்டவர் நன்கறிந்திருக்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, குறிப்பிட்ட இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல் செலுத்துவது எதுவும் மருத்துவம் அன்று, ஆராய்ச்சியே. அதை ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். பங்கேற்பவரிடம் பணம் பெறலாகாது. பணம் கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னோம். நிலத்தை விற்க வேண்டாம் என்றும் சொன்னோம்.

நம் பேச்சை அவர் பொறுமையாகக் கேட்டார். எகிப்தும் லோசானும் அவருக்கு எவ்வளவு எட்டினவோ தெரியாது. குட்மன் செய்த ஏற்பாட்டைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் திருப்பிப் போடுறேன் சார். ராத்திரி ஒண்ணு மட்டும் தவறிடுது, அசந்துடறேன்” என்றார். இடுப்பில் சிவந்த தழும்பு ஒன்று இரண்டு நாளாக மாறாமல் இருப்பதாகவும் சொன்னார். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு புண்ணின் முதற்படி. அந்தப் பக்கம் படுக்கவிடாமல் உடனே காட்டியாக வேண்டும். காற்று மெத்தை இருந்தால் இரவின் இடைவெளியைச் சற்று நீட்டலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம் என்றோம். அது என்ன விலை என்று கேட்டு, விளம்பரத் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார்.